கையில் பதினாறு, எதிரே பத்து

ராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பிப் பிழைக்கும் தம்பிகளுக்கு,

துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே டிரெய்லரை வரிசையில் நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் ஓட்டுநர்கள், கன்டெய்னர் யார்டில் டேலி எழுதும் பிள்ளைகள், மணலியிலும் எண்ணூரிலும் காண்ட்ராக்ட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், காசிமேட்டில் விடியலுக்கு முன் ஏலம் முடித்துப் பகலில் ஓய்பவர்கள் என உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இந்த மடல். நான் திருவொற்றியூர்க்காரன், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்களில் பலர் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் படித்தவர்கள்தான். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தால் அது ராஜாவாக இருக்க வாய்ப்பு என்ன என்று அதில் ஒரு கேள்வி வரும். தேர்வோடு முடிந்துபோனதாக நினைத்த அந்தக் கேள்விதான் இப்போது உங்கள் செல்போனில் வேறு உருவத்தில் வந்து நிற்கிறது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய ரம்மி நிறுவனங்கள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. அந்த இடத்தைப் பிடிக்க, எங்கோ வெளிநாட்டில் பதிவான கேசினோச் செயலிகளின் லிங்க் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. அதில் முதலில் நிற்பது பிளாக்ஜாக். கூடவே பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள் போட்ட ஓர் அட்டவணையும் வரும். "இதை மனப்பாடம் செய்தால் தோற்கவே மாட்டீர்கள்" என்பது அதோடு ஒட்டி வரும் வாசகம்.

அந்த அட்டவணை உண்மையா என்பதுதான் கேள்வி. அட்டவணை உண்மை. அதோடு வரும் வாக்குறுதி பொய். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. "சூதாடாதே" என்று ஒரு வரியில் அதட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் நீங்கள் கணக்குத் தெரிந்தவர்கள், கணக்கைச் சொன்னால் புரிந்துகொள்பவர்கள். அதனால் கணக்கையே சொல்கிறேன்.

ஆட்டம் என்ன?

21-க்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும், 21-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 10 வரை சீட்டில் இருக்கும் எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றுக்கும் 10. ஏஸை 1 என்றும் எடுக்கலாம், 11 என்றும் எடுக்கலாம். உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு சீட்டு. டீலரின் சீட்டுகளில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். நீங்கள் இன்னொரு சீட்டு கேட்கலாம், போதும் என்று நிற்கலாம், பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்கலாம் (இதுதான் டபுள்), இரண்டும் ஒரே சீட்டாக இருந்தால் இரண்டு கையாகப் பிரித்துக்கொள்ளலாம். டீலருக்கு இந்தச் சுதந்திரம் எதுவும் இல்லை. 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும், வந்தபின் நிற்க வேண்டும்.

இதை முதன்முதலாக முழுக் கணக்காகப் போட்டவர்கள் சூதாடிகள் அல்ல. ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மட் என்ற நான்கு பேர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அபர்தீன் ராணுவத் தளத்தில் வேலை பார்த்தவர்கள், கணிதம் படித்தவர்கள். கம்ப்யூட்டர் கைக்கு எட்டாத காலம். மேசைமேல் வைத்துத் தட்டும் கணக்குப் பொறிகளைக் கொண்டே ஒவ்வொரு கைக்கும் எதிராக டீலரின் ஒவ்வொரு சீட்டையும் வைத்துக் கணக்கிட்டார்கள். 1956-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வந்தது. 1962-ல் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் அதே கணக்கைக் கூர்மையாக்கி ஒரு புத்தகம் எழுதினார். உங்கள் செல்போனுக்கு வரும் வண்ண அட்டவணை இந்த உழைப்பின் வழிவந்ததுதான். அதை மதிக்க வேண்டும். மதிப்பது என்றால் அது என்ன சொல்கிறது என்பதைக் கடைசிவரை படிப்பது.

கேசினோவின் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒருவர் கேட்கலாம்: "டீலர் 17-ல் நிற்கிறார். நானும் அவரைப் போலவே ஆடிவிட்டால் சமம்தானே?" பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் முதலில் ஆடுபவர் நீங்கள். நீங்கள் 21-ஐத் தாண்டிய நொடியில் உங்கள் பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பாது. டீலர் விதிப்படி ஆடுபவர் சுமார் 28 சதவீதக் கைகளில் 21-ஐத் தாண்டுவார். நீங்களும் அதே விதியில் ஆடினால் இருவரும் தாண்டுவது 28-ல் 28 சதவீதம், அதாவது ஏறக்குறைய 8 சதவீதம். அந்த 8-ம் கேசினோவுக்கு. ஏஸும் பத்தும் சேர்ந்து முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் உங்களுக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்பதால் அதில் இரண்டேகால் சதவீதத்துக்கு மேல் உங்களுக்குத் திரும்பும். மீதி ஐந்தரை சதவீதம் கேசினோவின் பங்கு.

தண்டல் வாங்கிய அனுபவம் நம் தெருக்களில் பல வீடுகளுக்கு உண்டு. பத்தாயிரம் தண்டல் என்றால் முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கையில் தருவார்கள், தினம் நூறாகக் கட்ட வேண்டும். பிடித்த தொகை எவ்வளவு என்பது முதல் நாளே கண்ணுக்குத் தெரியும். கேசினோவும் அப்படித்தான் பிடிக்கிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஆட்டத்தின் வரிசைக்குள் ஒளித்துப் பிடிக்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அட்டவணை செய்யும் வேலை இந்த ஐந்தரையைக் குறைப்பது. நல்ல விதிகள் உள்ள மேசையில், ஒரு தவறுகூட இல்லாமல் அட்டவணைப்படி ஆடினால் கேசினோவின் பங்கு அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். உலகத்தில் கேசினோக்கள் நடத்தும் ஆட்டங்களில் இவ்வளவு குறைந்த பிடித்தம் உள்ளவை சிலவே. ஆனால் அரை என்பது பூஜ்யம் அல்ல, லாபமும் அல்ல. அட்டவணையை எழுதியவர்களே இதை மறைக்கவில்லை. மறைப்பவர்கள் அதை உங்களுக்கு அனுப்புபவர்கள்.

அட்டவணை சொல்வது

கட்டில் 52-க்கு 16 சீட்டுகள் பத்து மதிப்புள்ளவை. எந்தச் சீட்டை எடுத்தாலும் பத்தாக இருக்க வாய்ப்பு 13-ல் 4. மற்ற எந்த மதிப்புக்கும் 13-ல் 1 மட்டுமே. அட்டவணையின் பெரும்பகுதி இந்த ஒரு உண்மையிலிருந்து பிறந்தது.

உங்கள் கையில் 12 இருந்தால் அடுத்த சீட்டில் தாண்டிவிட வாய்ப்பு 13-ல் 4. கையில் 14 என்றால் 13-ல் 6. 16 என்றால் 13-ல் 8. இதோடு டீலரின் திறந்த சீட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டீலரிடம் 5 அல்லது 6 இருந்தால் அவர் தாண்டிப்போக வாய்ப்பு சுமார் 42 சதவீதம். 7 என்றால் 26-க்கு விழுந்துவிடும். 10 என்றால் இன்னும் குறைவு. ஆகவே டீலரிடம் 4, 5, 6 இருக்கும்போது நீங்கள் 12-லேயே நின்றுவிடலாம். தாண்டும் ஆபத்தை அவர் தலையில் போடுகிறீர்கள். 2, 3 இருந்தால் 12-க்கு இன்னொரு சீட்டு, 13-லிருந்து நிற்க வேண்டும். டீலரிடம் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவர் 17-ஐத் தொடுவார் என்று வைத்துக்கொண்டு நீங்களும் 17 வரும்வரை எடுக்க வேண்டும். ஏஸ் இல்லாத 17-லும் அதற்கு மேலும் எப்போதும் நிற்க வேண்டும்.

ஏஸை 11-ஆக எண்ணும் கை மென்மையானது. ஒரு சீட்டு எடுத்தால் தாண்டாது, ஏஸ் 1-ஆக மாறிக்கொள்ளும். அதனால் ஏஸோடு வந்த 17-ல் ஒருபோதும் நிற்பதில்லை. ஏஸோடு வந்த 18-ல் கூட, டீலரிடம் 9, 10, ஏஸ் இருந்தால் இன்னொன்று எடுக்கச் சொல்கிறது அட்டவணை. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 18-ஐக் கண்டதும் கை நின்றுவிடும்.

இரண்டு 8 வந்தால் பிரிக்க வேண்டும், இரண்டு ஏஸ் வந்தாலும் பிரிக்க வேண்டும். இரண்டு 10 வந்தால் பிரிக்கவே கூடாது. 20 என்ற நல்ல கையை உடைத்து இரண்டு சந்தேகக் கைகளாக்குவது பேராசை. இரண்டு 5-ஐயும் பிரிக்கக் கூடாது, அதை 10 என்று வைத்துக்கொள்ள வேண்டும். கையில் 11 இருந்து டீலரிடம் ஏஸ் தவிர வேறு எது இருந்தாலும் டபுள். கையில் 10 இருந்து டீலரிடம் 2 முதல் 9 வரை இருந்தால் டபுள். கையில் 9 என்றால் டீலரின் 3 முதல் 6 வரைக்கு மட்டும் டபுள்.

இந்த டபுளில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. தவறே இல்லாமல் ஆடினாலும் 100 கைகளில் ஏறக்குறைய 42 ஜெயிப்பீர்கள், 49 தோற்பீர்கள், மீதி எட்டு ஒன்பது சமனாகும். ஆம், அட்டவணைப்படி ஆடுபவரும் ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் அதிகம். பிறகு பிடித்தம் அரை சதவீதமாக எப்படி இறங்குகிறது? ஜெயிக்கும் கைகளில் சிலவற்றுக்கு இரண்டு மடங்கும் ஒன்றரை மடங்கும் கிடைப்பதால். கையில் பணம் குறைந்து பயந்திருப்பவர் டபுள் போட மாட்டார். கடன் வாங்கிய காசில் ஆடுபவர் பிரிக்க மாட்டார். பயம் வந்த இடத்தில் அட்டவணை வேலை செய்வதில்லை. வாடகைக் காசை வைத்து ஆடுபவருக்கு அரை சதவீதம் என்ற எண் எந்த நாளும் பொருந்தாது.

டீலரிடம் ஏஸ் திறந்திருந்தால் "இன்சூரன்ஸ் எடுக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். பெயர் நன்றாக இருக்கிறது. மூடிய சீட்டு பத்தாக இருந்தால் இரண்டு மடங்கு தருவார்கள், இல்லாவிட்டால் கட்டியது போகும். பத்தாக இருக்க வாய்ப்பு 13-ல் 4. ஆக 13 முறை நூறு நூறு கட்டினால் நான்கு முறை 200 வரும், ஒன்பது முறை 100 போகும். 800 வந்து 900 போகிறது. அட்டவணை எப்போதும் "வேண்டாம்" என்கிறது.

இனி தலைப்பில் இருக்கும் கைக்கு வருவோம். உங்களிடம் 16, டீலரிடம் 10. இந்த ஆட்டத்திலேயே மோசமான கைகளில் ஒன்று. நின்றால் நூறு ரூபாய்ப் பந்தயத்தில் சராசரியாக 54 ரூபாய் போகும். எடுத்தாலும் 54-தான், சில பைசாக்கள் மட்டும் குறையும். அந்தப் பைசாக்களுக்காக அட்டவணை "எடு" என்கிறது. சில மேசைகளில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: பாதிப் பந்தயத்தை விட்டுக்கொடுத்து ஆட்டத்திலிருந்து விலகலாம். 50 ரூபாயோடு இழப்பு நின்றுவிடும். கணக்குப்படி இருப்பதிலேயே நல்லது அதுதான். சரியான முடிவு என்பது ஜெயிக்கும் முடிவு அல்ல, குறைவாக இழக்கும் முடிவு. அட்டவணையின் கட்டங்களில் கணிசமானவை இந்த வகைதான்.

அரை சதவீதம் எவ்வளவு ரூபாய்?

அரை சதவீதம் என்றால் யாருக்கும் பயம் வராது. ஆயிரம் ரூபாய் கொண்டுபோனால் ஐந்து ரூபாய்தானே போகும் என்று தோன்றும். பிடித்தம் நீங்கள் கொண்டுபோன தொகைக்கு அல்ல. நீங்கள் சுழற்றும் தொகைக்கு.

நிஜமான மேசையில் டீலர் சீட்டைக் கலைக்க வேண்டும், பக்கத்தில் நான்கு பேர் யோசிக்க வேண்டும். செல்போனில் அது இல்லை. நிமிடத்துக்கு நான்கு கை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 240 கை. கைக்கு 100 ரூபாய் என்றால் சுழல்வது 24,000 ரூபாய். தினம் மூன்று மணி நேரம் என்றால் 72,000 ரூபாய். அதில் அரை சதவீதம் 360 ரூபாய். முப்பது நாளுக்கு 10,800 ரூபாய். இது தவறே செய்யாமல் ஆடும் ஆளின் சராசரி இழப்பு. ஷிஃப்ட் முடிந்து கண் எரிய ஆடுபவர் தவறாமல் ஆட முடியாது. தவறுகளால் பிடித்தம் 2 சதவீதமாக ஏறினால் மாதம் 43,200 ரூபாய். உங்களில் எத்தனை பேருக்கு அவ்வளவு சம்பளம்?

"நேற்று ஜெயித்தேனே" என்பீர்கள். ஜெயித்திருப்பீர்கள். நூறு ரூபாய் வைத்து 100 கை ஆடினால் சராசரி இழப்பு வெறும் 50 ரூபாய். ஆனால் அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம் சாதாரணமாகவே ஆயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும். அதனால் கிட்டத்தட்டப் பாதி இரவுகளில் லாபத்தோடுதான் எழுந்திருப்பீர்கள். கேசினோவுக்கு அது தேவை. ஒருநாளும் ஜெயிக்காத ஆட்டத்தை யாரும் மறுநாள் ஆட மாட்டார்கள். 100 கையில் அதிர்ஷ்டம் பேசும். ஆயிரமாயிரம் கை தாண்டினால் பிடித்தம் மட்டுமே பேசும்.

தோற்றால் அடுத்த கையில் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று ஒரு யோசனை எல்லாரிடமும் உலவுகிறது. 100, 200, 400 என்று போங்கள். தொடர்ந்து ஏழு தோல்வி வந்தால் 12,700 ரூபாய் போயிருக்கும், எட்டாவது கைக்கு 12,800 கட்ட வேண்டும். அது எல்லாம் எதற்கு? நூறு ரூபாய் ஜெயிக்க. சமனான கைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இப்படித் தொடங்கும் சுமார் 80 முறைக்கு ஒருமுறை அந்த ஏழு தோல்வி வரும். தினம் நூற்றுக்கணக்கான கை ஆடுபவருக்கு அது எப்போதோ வரும் விபத்து அல்ல, தினந்தோறும் வரும் விருந்தாளி.

செயலியில் சீட்டுக்கட்டு எங்கே?

இதுவரை சொன்ன கணக்கு எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. 52 சீட்டு இருக்க வேண்டும், நேர்மையாகக் கலைத்திருக்க வேண்டும். நான்கு பேர் கணக்குப் போட்டது அந்தக் கட்டுக்குத்தான்.

அரசு கண்காணிக்கும் கேசினோவில் அந்தக் கட்டைச் சோதிக்க ஆள் உண்டு. உங்கள் செல்போனில் திரையில் தெரிவது சீட்டின் படம். பின்னால் இருப்பது ஒரு புரோகிராம். அது 13-ல் 4 என்ற விகிதத்தை மதிக்கிறதா என்று சொல்ல ஒருவரும் இல்லை. முதல் நாள் 500 ரூபாய்க்கு ஜெயிக்கவைத்துவிட்டு, நீங்கள் 5,000 கட்டியதும் மாறுகிறதா என்று பார்க்கவும் ஒருவரும் இல்லை. ஜெயித்ததை எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்று இன்னும் பணம் கேட்பவர்களிடம் நீங்கள் எந்த ஆபீசில் போய் நிற்பீர்கள்?

தார்ப் சொன்ன இன்னொரு வித்தையும் இங்கே செல்லாது. போன சீட்டுகளை நினைவில் வைத்து, கட்டில் மீதம் இருப்பதைக் கணித்துப் பந்தயத்தை ஏற்றுவது அவர் கண்ட வழி. அமெரிக்காவில் சிலர் அதில் நிஜமாகவே பணம் பார்த்தார்கள். கேசினோக்கள் பல கட்டுகளை ஒன்றாகக் கலக்கவும், இயந்திரத்தில் கலைக்கவும் தொடங்கின. செயலியில் பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகவே தொடங்கும். நினைவில் வைக்க அங்கே எதுவும் இல்லை. ஏஸும் பத்தும் வந்தால் நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு 150-க்குப் பதிலாக 120 மட்டும் தரும் மேசைகளும் உண்டு. அந்த ஒரு மாற்றமே பிடித்தத்தை 1.4 சதவீதம் அளவுக்குக் கூட்டிவிடும். சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், பெரும்பாலோர் படிப்பதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. சூதாட்டத்துக்கு எதிராக 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சென்னை நகரத்துக்கு 1888-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம். லாட்டரியை 2003-ல் தடை செய்தோம். ரம்மி திறமை ஆட்டம், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் இணைய ரம்மி வளர்ந்தது. 2021-ல் மாநில அரசு கொண்டுவந்த தடையை அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் உயிர்கள் போய்க்கொண்டே இருந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022-ல் குழு அமைந்தது, புதிய சட்ட மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டப்பேரவை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று விலக்கி, அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை நிலைநிறுத்தியது. அந்தச் சட்டப்படி இணையத்தில் சூதாடுபவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தள்ளிவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். தம்பிகளே, இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். "லிங்கை நாலு பேருக்கு அனுப்பு, கமிஷன் தருகிறோம்" என்பவர்களும், "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடு, மாதம் இவ்வளவு" என்பவர்களும் உங்களைத் தேடி வருகிறார்கள். ஆட்டத்தில் போவது பணம். இந்த வேலையில் போவது உங்கள் பெயர். நாளை பாஸ்போர்ட்டுக்கோ, கப்பல் வேலைக்கோ, துறைமுக நுழைவுச் சீட்டுக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்த அக்கவுண்ட் எண் முன்னால் வந்து நிற்கும்.

"பணக்காரர்கள் ஆடுகிறார்களே" என்ற கேள்வியும் நியாயமானதே. கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக்களுக்கு உரிமம் இருக்கிறது. நம் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைக்க கார்டெலியா என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அதில் கேசினோவும் உண்டு என்பதால் எதிர்ப்பு எழுந்து, புதுச்சேரி அப்போது அதை உள்ளே விடவில்லை. பணம் உள்ளவர் போனாலும் கணக்கு ஒன்றுதான், அவருக்கும் பிடித்தம் உண்டு. ஆனால் அவர் இழப்பது கேளிக்கைக்கு ஒதுக்கிய காசு. நம் தெருவில் இழப்பது தண்டல் காசு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், அம்மாவின் மாத்திரைக் காசு. அதே அரை சதவீதம் இரண்டு வீட்டில் இரண்டு விதமாக விழுகிறது.

நான் கேட்பது

முதலாவது, அட்டவணையைக் கற்றுக்கொள்ளுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு சீட்டுக்கட்டை வாங்குங்கள், தீக்குச்சியைப் பந்தயமாக வையுங்கள், ஒருவர் டீலராக உட்காரட்டும். 500 கை ஆடி, ஜெயித்ததையும் தோற்றதையும் நோட்டில் எழுதுங்கள். 16-க்கு எடுத்தால் எத்தனை முறை தாண்டுகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். புத்தகத்தில் பிடிபடாத நிகழ்தகவு கைவிரலில் பிடிபடும். மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பதிலும், பைக் லோன் வட்டியிலும், சீட்டுக் கம்பெனி விளம்பரத்திலும் இதே கணக்குதான் ஒளிந்திருக்கிறது. அதைப் படிக்கக் கற்றவரை ஏமாற்றுவது கடினம்.

இரண்டாவது, உங்கள் திறமைக்குக் கூலி கிடைக்கும் இடத்தில் அதைச் செலவழியுங்கள். நம் வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு குறைவு. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். அங்கேயும் அதிர்ஷ்டம் கொஞ்சம் உண்டு. ஆனால் பத்து ஆண்டு பழகினால் பத்து ஆண்டின் பலன் பழகியவருக்கே சேரும். பிளாக்ஜாக்கில் பத்து ஆண்டு பழகினாலும் நீங்கள் சென்று சேரும் உச்சி அரை சதவீத இழப்புதான். இவ்வளவு கூர்மையான மூளையை அந்த உச்சிக்காகச் செலவிடுவது எனக்கு வேதனை தருகிறது.

மூன்றாவது, ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களுக்கு. இழந்ததை ஆடி எடுக்க முடியாது. மேலே சொன்ன கணக்கு முழுவதும் அதற்கு ஆதாரம். அடுத்த கைக்குப் போன கைகள் ஞாபகம் இருப்பதில்லை. நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பது சீட்டுக்குத் தெரியாது. வீட்டில் ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள், பாதியைச் சொல்லாதீர்கள். மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால் 2003-லிருந்து அதற்கெதிராகத் தனிச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். செயலி பணத்தைப் பிடித்து வைத்து ஏமாற்றினால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். நேரம் கடந்தால் பணம் கைமாறிப் போய்விடும். தூக்கம் போய், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 எண்ணில் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது, அரசின் 104-ம் இருக்கிறது. தமிழில் பேசுவார்கள், காசு இல்லை, எந்த நேரத்திலும் அழைக்கலாம். கடன் எவ்வளவு பெரிதானாலும் அதைத் தவணை போட்டு அடைக்க வழி உண்டு. உயிருக்குத் தவணை இல்லை.

உங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வண்டி ஓட்டுநர் அட்வான்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தால், செல்போனைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினால், சாப்பாட்டைத் தவிர்த்தால், "என்னடா சூதாடுறியா" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்து, இந்த மடலில் இருக்கும் 10,800 ரூபாய்க் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அறிவுரையைக் கேட்டு எழுந்துபோகும் ஆளும் தன் காசின் கணக்கு என்றால் உட்கார்ந்து பார்ப்பான். யூனியன் கூட்டங்களில், மன்றங்களில், சர்ச்சிலும் மசூதியிலும் கோயிலிலும் கூடும் இளைஞர் குழுக்களில் இதைப் பாடமாகவே எடுக்கலாம். ஒரு சீட்டுக்கட்டும் கரும்பலகையும் போதும். கூப்பிட்டால் நான் வருகிறேன்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து உங்கள் கணக்கு வாத்தியார்